உயரமும் ஊகமும்

திருத்தணிகை மலைக்குச் செல்லும் படிகள் 365. ஆண்டின் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி என்பது அவ்வூரார் கொள்கை. டிசம்பர்த் திங்கள் 31-ஆம் நாள், ஆண்டு முடியும் வேளையில், அடியார்கள் படிதோறும் நின்று பாடிப் பூசித்து மேலேறும் திருப்படித் திருவிழா நாடறிந்த ஒன்று. ஆகவே, தணிகை மலையில் படிகள் எத்தனை என்று வினவினால், மலையடியில் பூத்தொடுக்கும் மூதாட்டியும், அவள் அருகே விளையாடும் பேரனும் தயங்காது விடை கூறுவர். அம்மலையின் உயரம் எவ்வளவு என்று வினவினாலோ, அவர்களுக்குள் ஒற்றுமை இராது. ஒருவர் 500 அடி என்பார்; மற்றொருவர் 1000 அடிக்குக் குறையாது என்பார்; நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் காவடி எடுத்து வரும் அன்பர் தெலுங்கில் வேறோர் எண்ணைக் கூறுவர். மூவரும் உறுதியாகவே கூறுவர். அவ்வுறுதிதான் ஆராயத் தக்கது.

அம்மலையடியில் வாழும் மாணவர் இருவர், 2025-ஆம் ஆண்டில் வேறோர் உயரத்தைப் பற்றி வாதில் இறங்கினர். சென்னைக்குத் தெற்கே, திருப்போரூரை அடுத்த இள்ளலூரில், வொண்டர்லா நிறுவனத்தார் அப்போது ஒரு கேளிக்கைப் பூங்கா அமைத்து வந்தனர்; அவ்வாண்டு டிசம்பரில் அது திறக்கப்பட்டது. அப்பூங்காவில் தஞ்சோரா என்னும் பெயருடைய ரோலர் கோஸ்டர் ஒன்று எழும்பி வருவது முன்னரே ஊரெங்கும் பேசப்பட்டது. (ரோலர் கோஸ்டருக்குத் தமிழில் ஒரு பெயர் இன்னும் நிலைபெறவில்லை. அறிஞர் ஆக்கித் தந்த பெயர்கள் ஏட்டில் உள்ளன. சிறுவர் நாவில் இல்லை. ஆதலின், ஈண்டும் மக்கள் வழங்கும் பெயரே வழங்கப்படுகிறது.) இருப்புப் பாதை தலைக்கு மேலே செல்ல, இருக்கைகள் அதன்கீழ்த் தொங்க, அமர்ந்தோர் கால்கள் அந்தரத்தில் ஆட, வளைந்தும் தலைகீழாகப் புரண்டும் விரைந்தோடும் வகையைச் சேர்ந்தது அது. அதனைச் செய்தளித்தவர் சுவிட்சர்லாந்து நாட்டின் பொலிகர்–மாபிலார்ட் நிறுவனத்தார். இவ்வகையில் முதலாவது, 1992-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் அவர்களாலேயே அமைக்கப்பட்டது.

இரும்புத் தூண்கள் நிமிர்ந்து நிற்கும் நிழற்படம் ஒன்று மாணவர் கைக்குக் கிடைத்தது. அதுவே வாதுக்கு வித்தாயிற்று. "இஃது 200 அடிக்குக் குறையாது" என்றான் ஒருவன். "அவ்வளவு இராது, 100 அடிதான் இருக்கும்" என்றான் அவன் நண்பன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டனர். இருவரிடமும் விடையில்லை. வாது முற்றிற்று. தோற்றுவிடுவோம் என்று அஞ்சிய முதல் மாணவன், "நாளிதழில் போட்டிருக்கிறார்கள், நானே பார்த்தேன்" என்று ஒரு சொல் சொன்னான். அவன் எந்த நாளிதழையும் பார்க்கவில்லை. நண்பன் வாயடைத்துப் போனான்.

அச்சொல் அங்கேயே மடியவில்லை. நண்பன் அதனைத் தன் தமக்கையிடம் கூறினான். தமக்கை தன் தோழியரிடம் கூறினாள். தோழியருள் ஒருத்தியின் தந்தை தேநீர்க் கடையில் கூறினார். இரு வாரம் சென்றபின், முடிவெட்டிக்கொள்ளச் சென்ற அம்மாணவனிடம் முடிதிருத்துநர், "தம்பி, திருப்போரூர்ப் பக்கம் ஏதோ வண்டி விடப்போகிறார்களாமே, 200 அடி உயரமாமே!" என்றார். மாணவன் மகிழ்ந்தான். "ஊரே சொல்கிறது, அப்படியானால் உண்மையாகத்தான் இருக்கும்" என்று தன் மனத்துக்குள் முடிவு செய்துகொண்டான். தன் வாயிலிருந்து புறப்பட்ட பொய், ஊரைச் சுற்றி வந்து தனக்கே சான்றாக நின்றதை அவன் உணரவில்லை.

இந்நிகழ்ச்சியைக் கேட்போர் நகைப்பர். ஒரு விளையாட்டு வண்டியின் உயரம் 100 அடியாயின் என்ன, 200 அடியாயின் என்ன என்று வினவுவாரும் உளர். வண்டி சிறு பொருளே. ஆயினும், அறியாத ஒன்றைப் பற்றி மனிதன் எவ்வாறு எண்ண வேண்டும், எவ்வாறு பேச வேண்டும் என்பது சிறு பொருள் அன்று. அதற்கு இவ்வண்டியைக் காட்டிலும் எளிய எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

தமிழில் 'அளவை' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. கோலால் அளப்பதும் அளவை. உண்மையை அறியும் வாயிலும் அளவை. பிற்காலத்தார் பிரமாணம் என்று கூறுவதனையே முன்னோர் அளவை என்றனர். ஒரு சொல் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்பது தற்செயல் அன்று. அளக்காமல் அறிய இயலாது என்பது அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. மணிமேகலையில் 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை' என்றொரு பகுதி உண்டு. அளவைகள் பத்து என்று அங்கு எண்ணப்பட்டுள்ளன. காட்சி முதலாவது, கருதல் அதன்பின் வருவது. கண்ணால் கண்டு அறிவது காட்சி. கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றை உய்த்துணர்வது கருதல். புகையைக் கண்டு நெருப்பை உணர்வதனைக் கருதலுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது நூலோர் மரபு. அப்பத்தனுள் ஐதிகம் என்பதும் ஒன்று. இந்த மரத்தில் ஒரு தெய்வம் உண்டு என்று உலகோர் வழிவழியாகச் சொல்வதை ஏற்றுத் தெளிவது ஐதிகம். தணிகையில் அம்மாணவன், காட்சியும் இன்றிக் கருதலும் இன்றித் தானே ஓர் ஐதிகத்தைப் படைத்தான் என்க.

கருதல் குற்றம் உடையதன்று. ஊகிப்பவனை இழித்துப் பேசுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அது தவறு. ஊகம் இல்லையேல் அறிவு வளராது. தமிழ்நாட்டில் கணக்குப் பயின்றோர் போற்றிய கணக்கதிகாரம் என்னும் நூலில், பலாப்பழத்தை அறுக்காமலே அதனுள் இருக்கும் சுளைகளை எண்ணுதற்கு ஒரு வழி கூறப்பட்டுள்ளது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, அவ்வெண்ணை 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்தால் சுளைகளின் தொகை கிடைக்கும் என்பது அவ்வழி. முள் 100 ஆயின் சுளை 120. இவ்விதி எல்லாப் பழத்துக்கும் பொருந்துமா என்பதைப் பழத்தை அறுத்தே காண வேண்டும். பலா மலியும் பண்ணுருட்டிச் சிறுவருக்கு அஃது இனிய ஆராய்ச்சியாகவும் அமையும். ஆனால், விதியைச் சொன்னவர் செய்த நன்மை ஒன்றுண்டு. "120 சுளை இருக்கும், நம்புக" என்று அவர் கூறவில்லை. எதனை எண்ணினார், எதனால் பெருக்கினார், எதனால் வகுத்தார் என்பதை வெளிப்பட வைத்தார். கேட்பவன் தானும் எண்ணிப் பார்க்கலாம். தவறு கண்டால் எடுத்துக்காட்டலாம். ஊகத்துக்கு இஃதே இலக்கணம்.

இன்று உலகெங்கும் ரோலர் கோஸ்டரில் பற்றுடையோர் பலர் இருக்கின்றனர். புதியது ஒன்று எழுகிறது என்ற செய்தி வந்தவுடன், அதன் உயரத்தை ஊகிப்பது அவர்களுக்குப் பெருவிருப்பு. அவர்களுள் பொறுப்புடையோர் ஊகிக்கும் முறை, மேற்கூறிய பலாக் கணக்கினின்றும் வேறுபட்டதன்று. நிழற்படத்தில் தூணின் அருகே ஒரு தொழிலாளி நின்றால், அவர் உயரத்தை ஒரு கோலாகக் கொண்டு தூணை அளப்பர். தூண் எத்தனை துண்டுகளால் இணைக்கப்பட்டது என்று எண்ணுவர். தூக்குப் பொறியின் கை எவ்வளவு நீளும் என்று ஆராய்வர். வானிலிருந்து எடுத்த படத்தில் நிழலின் நீளத்தைப் பார்த்து, ஞாயிறு நின்ற கோணத்தைக் கொண்டு கணக்கிடுவர். அமெரிக்க நாட்டில் 200 அடிக்கு மேல் உயரும் கட்டடங்களைப் பற்றி வான்போக்குவரத்துத் துறைக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது விதி. ஆதலின், அத்தகைய அறிவிப்பு வந்ததா என்று அத்துறையின் பதிவுகளையும் தேடிப் பார்ப்பர். இத்துணையும் செய்தபின், "ஏறக்குறைய இவ்வளவு இருக்கலாம்" என்பர். 'ஏறக்குறைய' என்னும் அச்சிறு சொல்லைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அறிஞனை அறியாதானிலிருந்து பிரித்துக் காட்டும் சொல் அதுவே.

உயரத்தில் இவர்களுக்கு இத்துணை நாட்டம் ஏன்? உயரம்தான் வேகம் என்பதே காரணம். சங்கிலியால் இழுக்கப்பெற்று முதல் முகட்டை அடையும் வண்டிக்கு, அதன்பின் எந்திரத்தின் துணை இல்லை. ஏறியபோது பெற்ற ஆற்றலை இறங்கும்போது வேகமாக மாற்றிக்கொண்டு, அவ்வேகத்தாலேயே அடுத்த முகட்டில் ஏறுகிறது. உராய்வாலும் காற்றாலும் சிறிது சிறிதாக ஆற்றல் குறைவதால், இத்தகைய வண்டிகளில் முதல் முகடே பெரும்பாலும் மிக உயர்ந்ததாக இருக்கும். ஏறியிருப்போர் தடித்தவராயினும் மெலிந்தவராயினும், விழுவதால் பெறும் வேகத்தை உயரமே முடிவு செய்கிறது.

இதிலிருந்து மாணவர்க்குப் பயன்படும் கணக்கு ஒன்று கிடைக்கிறது. வண்டியின் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்தால், அவ்வெண்ணை அதே எண்ணால் பெருக்கி, 254-ஆல் வகுத்தால், அவ்வேகத்தைப் பெறுவதற்கு வண்டி எத்தனை மீட்டர் இறங்கியிருக்க வேண்டும் என்பது கிடைக்கும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மில்லேனியம் ஃபோர்ஸ் என்பதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். 150-ஐ 150-ஆல் பெருக்கினால் 22,500. அதனை 254-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 89 மீட்டர். அதன் இறக்கம் 300 அடி. அஃதாவது ஏறத்தாழ 91 மீட்டர். கணக்கும் உண்மையும் எத்துணை அணுகி நிற்கின்றன! குறையும் 2 மீட்டர் உராய்வுக்குப் போயிற்று. ஒருவர் வந்து, "எங்கள் ஊர் வண்டி 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது" என்று கூறினால், கேட்கும் மாணவன் 80-ஐ 80-ஆல் பெருக்கி 254-ஆல் வகுத்து, "ஐயா, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 25 மீட்டரே போதுமே" என்று பணிவுடன் கூறலாம். சான்றோர் சொல்லையும் கணக்கிட்டுப் பார்ப்பது அவர்களை அவமதிப்பதாகாது.

இக்கணக்குப் பொருந்தாத வண்டிகளும் உண்டு. நியூ ஜெர்சி மாநிலத்தில் 2005-இல் திறக்கப்பட்ட கிங்டா கா என்பது 456 அடி, அதாவது 139 மீட்டர் உயர்ந்து நின்றது. அதன் வேகம் மணிக்கு 206 கிலோமீட்டர். கணக்கிட்டால் 167 மீட்டர் வருகிறது. பிழையோ? அன்று. அவ்வண்டி உயரத்திலிருந்து விழுந்து வேகம் பெற்றதன்று. தரையிலேயே நீர்ம அழுத்தப் பொறியால் உந்தப்பட்டு, அவ்வேகத்தால் கோபுரம் ஏறியது. இடையில் உராய்வும் காற்றும் உண்டதுபோக, முகட்டைக் கடப்பதற்கு மிகுதியான வேகம் வேண்டும் அன்றோ? ஆகவேதான் கணக்கு உயரத்தைக் காட்டிலும் கூடி நின்றது. ஏறத்தாழ 20 ஆண்டு உலகில் மிக உயர்ந்தது என்னும் பெயரைத் தாங்கிய அக்கோபுரம், 2025 பிப்ரவரி 28 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதி நாளில் சவூதி அரேபியாவின் கித்தியாவில் ஃபால்கன்ஸ் ஃப்ளைட் திறக்கப்பட்டது. அதன் உயரம் 195 மீட்டர் என்று அறிவிக்கப்பட்டது. அது செங்குத்தான மலைவிளிம்பைத் தழுவி ஓடுவது. ஆகவே, 195 மீட்டர் எவ்விடத்திலிருந்து எவ்விடம் வரை என்னும் வினா உடனே எழுகிறது.

இவ்வினாவை மாணவர் எளிதாகக் கருதுதல் கூடாது. உயரத்தைப் பற்றிய வாதுகளில் பாதி, இதனைக் கேளாமையால் விளைந்தவை. இங்கிலாந்து நாட்டில் ஆல்டன் டவர்ஸ் என்றொரு பூங்கா உண்டு. அங்கு மரங்களின் தலைக்கு மேல் எதுவும் தெரியக் கூடாது என்னும் கட்டுப்பாடு இருந்தது. ஆயினும், 1994-இல் நெமிசிஸ் என்னும் தொங்கு வகை வண்டியை அங்கு அமைத்தனர். மேலே செல்ல வழியில்லாதவர் கீழே சென்றனர்; பாறையை உடைத்துப் பள்ளம் பறித்தனர். தரைக்கு மேல் அதன் உயரம் 43 அடியே. அதன் இறக்கமோ 104 அடி. 'நெமிசிஸ் உயரம் 43 அடி' என்பானும் '104 அடி' என்பானும் நாள் முழுதும் பொருதாலும் வாது முடியாது. இருவரும் உண்மையே கூறுகின்றனர். இருவரும் ஒன்றையே கூறவில்லை. தணிகை மலையின் உயரத்தைக் கூறுவோர் நிலையும் இதுவே. கடல்மட்டத்திலிருந்து கூறும் எண் ஒன்று. மலையடியிலிருந்து கூறும் எண் வேறொன்று. படிகளைக் கொண்டு ஊகிப்போரும் உளர். படி ஒன்று 5 அங்குலம் எனக் கொண்டால் 365 படிக்கு 152 அடி. 7 அங்குலம் எனக் கொண்டால் 213 அடி. இரண்டு அங்குல ஐயம் 61 அடியாக வளர்ந்துவிட்டது. இடையிடையே சாய்தளம் இருப்பின் அதனையும் கூட்ட வேண்டும்.

தஞ்சோரா என்னும் பெயரில் தஞ்சை ஒலிக்கிறது. அப்பெயர் நினைவூட்டும் தஞ்சைப் பெரிய கோயிலும் உயரத்தைப் பற்றிய ஊகங்களுக்கு நெடுங்காலமாக இருப்பிடமாயுள்ளது. அதன் விமானம் 216 அடி என்று பல நூல்கள் கூறும். 208 அடி என்று கூறும் நூல்களும் உண்டு. இவ்வேறுபாட்டைப் பற்றி வருந்துவார் சிலரே. 'அவ்விமானத்தின் நிழல் தரையில் விழாது' என்னும் கதையைச் சொல்லி மகிழ்வாரோ மிகப் பலர். மாலையில் கோயில் முற்றத்தில் நிற்பவர் காலடியிலேயே அந்நிழல் நீண்டு கிடக்கும். நிழலின்மேல் நின்றுகொண்டே நிழல் விழாது என்று பிள்ளைகளுக்குக் கூறும் பெற்றோரைக் காணலாம். காட்சி கண்முன் இருக்கவும், ஐதிகத்தை நம்புவது எத்துணை எளிது! அக்கதை இராசராசனுக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணுவது பேதைமை. கருங்கல்லைக் கருங்கல்மேல் அடுக்கி, ஓராயிரம் ஆண்டு சாயாமல் நிற்க வைத்தவனுக்குப் பொய்ப்புகழ் எதற்கு?

அளந்தே அறிவது என்று துணிந்தவர் பட்ட பாட்டையும் அதே கோயில் அறியும். இந்திய நிலத்தை முக்கோண முறையால் அளக்கும் பெரும்பணி 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று சென்னையில் தொடங்கிற்று. தொடங்கியவர் வில்லியம் லாம்டன். பரங்கிமலையை ஒட்டி ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளந்தார். அதற்கு 57 நாள் ஆயின. வெயிலில் இரும்பு நீளும் என்பதனையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஏழரை மைலை இன்று ஒருவர் மிதிவண்டியில் ஒரு மணிக்குள் கடந்துவிடுவார். அதனை அளக்க 57 நாள் வேண்டியிருந்தது! அவ்வடிக்கோட்டிலிருந்து கோணங்களை அளந்து அளந்து தெற்கே சென்ற லாம்டன், 1808-இல் தஞ்சையை அடைந்தார். சமவெளியில் மலை இல்லை. ஆகவே, கோயில் விமானத்தின்மேல் கோணமானியை ஏற்ற முயன்றார். ஏறத்தாழ அரை டன் எடையுள்ள அக்கருவி, ஏற்றும்போது கயிறு தவறிச் சுவரில் மோதிச் சிதைந்தது. வேறொருவராயின் பழைய கருவியைக் குப்பையில் இட்டு, எஞ்சிய கோணங்களை ஊகித்து நிரப்பியிருப்பர். லாம்டன் அவ்வாறு செய்யவில்லை. பல வாரம் உழைத்து, தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டுப் பின்னரே அளவையைத் தொடர்ந்தார்.

அந்நில அளவையின் தொடர்ச்சியாகவே இமயத்தின் பதினைந்தாம் எண்ணிட்ட சிகரம் உலகிலேயே உயர்ந்தது என்பது, 1852-இல் இராதாநாத் சிக்தார் என்னும் வங்காளக் கணக்கறிஞரால் அறியப்பட்டது. அதன் உயரம் 29,002 அடி என்று 1856-இல் வெளியிடப்பட்டது. கணக்கில் சரியாக 29,000 அடியே வந்தது என்றும், அதனை வெளியிட்டால் மக்கள் 'ஏதோ குத்துமதிப்பு' என்று எண்ணிவிடுவர் என்று அஞ்சி 2 அடி கூட்டப்பட்டது என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. சுவையான செய்திதான், ஆயினும், அதுவும் ஐதிகமே என்பதை மாணவர் மறத்தலாகாது. 1955-இல் இந்திய நில அளவைத் துறையினர் அச்சிகரத்தை 8,848 மீட்டர் என்று கண்டனர். 2020 டிசம்பர் 8 அன்று நேபாளமும் சீனமும் சேர்ந்து 8,848.86 மீட்டர் என்று அறிவித்தன. முன்னோர் கூறிய எண்ணைத் திருத்தியவர் அம்முன்னோரைப் பழிக்கவில்லை. அவர்கள் தம் வழியை எழுதி வைத்தமையால்தான் திருத்துதல் கைகூடிற்று.

இனி, தணிகை மாணவனின் செயலை மீண்டும் நோக்குக. அவன் 200 அடி என்று எண்ணியது குற்றம் அன்று. அவ்வெண் தவறாகவே இருப்பினும் குற்றம் அன்று. "தூண்கள் பனைமரத்தைப் போல இரண்டு மடங்கு தோன்றுகின்றன, ஆகவே இவ்வளவு இருக்கலாம் என்று எண்ணுகிறேன்" என்று அவன் கூறியிருந்தால், அது கருதல். நண்பன், "பனைமரம் எத்தனை அடி?" என்று கேட்டிருப்பான், வாது ஆராய்ச்சியாக மாறியிருக்கும். அவன் செய்த பிழை, கருதலைக் காட்சி என்று கூறியது. இல்லாத நாளிதழைச் சாட்சிக்கு அழைத்தது. அதனினும் கொடியது ஒன்றுண்டு. நண்பனின் ஊகத்தை அவன் கொன்றுவிட்டான். 100 அடி என்று எண்ணியவனும் தன் எண்ணத்துக்கு ஏதோ ஒரு காரணம் வைத்திருந்தான். நாளிதழ் என்றதும் அக்காரணத்தைச் சொல்லாமலே அடங்கிப் போனான். பொய்ச்சான்று உண்மையை மறைப்பதோடு நிற்பதில்லை. எண்ணிக்கொண்டிருக்கும் மனத்தையும் நிறுத்திவிடுகிறது.

ஊகத்தை முற்றிலும் விலக்கி, அறிவிப்பு வரும்வரை வாளா இருப்பதே நன்று என்பாரும் உளர். அவர் கூற்று ஏற்புடையதாகத் தோன்றவில்லை. நிறுவனத்தார் வெளியிடும் எண்ணும் ஓர் உரையே. விளம்பரத்தை நாடும் உரை. ஊகித்துப் பழகாதவன் அவ்வுரையை எவ்வாறு சோதிப்பான்? 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் மில்லேனியம் ஃபோர்ஸ் 310 அடியுடன் உலகிலேயே உயர்ந்த முழுச்சுற்றுப் பாதை வண்டி எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜப்பான் நாட்டில் ஸ்டீல் டிராகன் 318 அடியுடன் வந்து அப்பெயரைப் பறித்துக்கொண்டது. வேறுபாடு 8 அடி! தரையில் நின்று காண்பவர் எவரும் அவ்வெட்டடியைக் கண்டறிய இயலாது. எண்ணுக்காகவே உயர்த்தும் உலகில், எண்ணை ஆராயும் கண் மாணவனுக்கு வேண்டும்.

தணிகையில் அம்மாணவன் வீடு திரும்பிய மறுநாள், அவன் நண்பன் அவனைத் தேடி வந்தான். "நீ பார்த்த நாளிதழ் எது? அதில் வேகமும் போட்டிருந்தார்களா? போட்டிருந்தால் ஒரு கணக்குப் பார்க்கலாம், பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள்" என்றான். அவ்வினாவில் பகையில்லை, ஆவலே இருந்தது. மாணவன் சிறிது நேரம் தரையைப் பார்த்து நின்றான். பிறகு, "நாளிதழ் ஒன்றும் இல்லை, நானாகச் சொன்னேன்" என்றான். நண்பன் சினக்கவில்லை. "நானும் 100 அடி என்று சும்மாதான் சொன்னேன்" என்றான்.

இருவரும் குமார தீர்த்தத்துப் பக்கமாக நடந்தனர். வழியில் ஒரு தென்னை நின்றது. அதன் உயரம் 60 அடி என்றான் ஒருவன். 40 அடி என்றான் மற்றொருவன். இம்முறை வாது இல்லை. மூன்றடிக் கோல் ஒன்றைத் தரையில் நிறுத்தினர். கோலின் நிழல் 4 அடி இருந்தது. உடனே தென்னையின் நிழலைக் காலடியால் அளக்கத் தொடங்கி, காலடி ஒத்து வராமையால், கயிறு ஒன்று வாங்கி வந்து அளந்தனர். நிழல் 60 அடி. மும்முறை பெருக்கி நாலால் வகுத்தபோது 45 அடி கிடைத்தது. "ஆனால், ஓலை அசைகிறது, நிழலின் முனை எது என்று சரியாகத் தெரியவில்லை" என்றான் நண்பன். நிழலில் ஓரடி பிழைத்தால் உயரத்தில் 9 அங்குலம் பிழைக்கும் என்று இருவரும் கணக்கிட்டனர். பின்பு, கையேட்டில் நாளும் வேளையும் குறித்து, 'தென்னை: 45 அடி; முன்பின் 1 அடி' என்று எழுதினர்.